பசுமையைப் படைத்தவர் யார்?

கோடை விடுமுறையில் இலங்கை மலைநாடு கண்டோம். கண்டியில் ஏறிய புகைவண்டி, நானுஓயா நோக்கி வளைந்து வளைந்து ஏறிற்று. மலைமீது மஞ்சு, மஞ்சு விலகினால் மரகதம் விரித்தாற்போல் தேயிலை! தலவாக்கலையருகே வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல் அருவி! மெய்ம்மறந்தோம், மறைப்பானேன்?

“எல்லாம் ஆண்டவன் கைவண்ணம்” என்றார், எதிரே இருந்த பெரியவர்.

ஆண்டவனுக்கு இங்கே என்ன வேலை, தோழர்களே? காடாயிருந்த மலைகள் இவை. காடழித்துக் காப்பி வைத்தான் வெள்ளையன். இலைநோய் காப்பியை அழித்தது. 1867-இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை மலையெங்கும் பரவிற்று. பரப்பியோர் யார்? காப்பிக் காலந்தொட்டே, பஞ்சம் துரத்தக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து கால்நடையாய் மலையேறிய தமிழர். வழியிலேயே மாண்டோர் பலர்.

1948-இன் சட்டம் அவர்தம் வழியினரை நாடற்றோராக்கிற்று. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கூடி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றனர். மனிதக் கணக்கா அது, மூட்டைக் கணக்கா? நாடற்றோராய் மிஞ்சியோர்க்குக் குடியுரிமை தரச் சட்டம் வந்தது 2003-இல்!

நானுஓயாவில் இறங்கித் தோட்டத்து வழியே நடந்தோம். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், எம் பேச்சைக் கேட்டுத் தலைநிமிர்ந்தார்.

“இந்தியாவா, தம்பி? எங்க அண்ணனைக் கோத்தகிரிப் பக்கம் அனுப்பினாங்க. அங்கேயும் தேயிலைதானாமே?”

ஆம் என்றோம். அவர் கை நிற்கவில்லை.