சுட்ட காயும் ஒரு சுன்னத்தும்



வல்லம் வடகாலில் பொழுதைச் சொல்பவை ஆலைப் பேருந்துகள்தாம். இங்குள்ள சிப்காட் தொழிற்பூங்காவை ஒட்டி, 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு வளாகம் 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. அதைக் கடக்கும்போதெல்லாம், இத்தனை பேரும் என்ன சாப்பிடுவார்கள் என்று வியந்திருக்கிறேன். என் வீட்டில் ஒருத்தி என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவியும் ஆலைத் தொழிலாளிதான். பிற்பகல் ஷிப்ட் என்றால் சோறும் ஆணமும் ஆக்கி வைத்துவிட்டுப் புறப்படுவாள். மாலையில் திரும்பும் நான் சாப்பிட்டு, இஷா தொழுது, உறங்கிவிடுவேன். ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு விழிப்பு வந்து எழுந்தபோது, அவள் இரண்டு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“சோறு இல்லையா?”

“ஆறிப்போயிருக்குங்க. சூடுபண்ண உடம்பில் தெம்பில்லை.”

இரண்டு மாதங்களாக அப்படித்தானாம்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாருக்கான வேலைகளைச் செய்வார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. இந்த ஹதீஸைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதன் பிற்பகுதி ஒன்றையே அமல் செய்துவந்தேன் என்பது அன்றிரவுதான் உறைத்தது.

மறுநாள் உம்மாவுக்குத் தொலைபேசினேன். சமைக்கத் தெரியாதவனுக்கு எது எளிது என்று கேட்டேன். “காயைச் சுட்டுக் கொடு வாப்பா. போட்டதும் கிண்டாதே, அது போதும்” என்றார்கள்.

அந்த ஒரு சொல்லில் முழுப் பக்குவமும் அடங்கியிருந்தது. காய்களைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் காய் சிவக்காது, வெந்து குழையும். கத்தரிக்காய், கோவைக்காய், பரங்கி, வெங்காயம் எல்லாவற்றையும் ஒரே அளவாக நறுக்கி, நன்கு காய்ந்த இரும்புச் சட்டியில் சிறிது நல்லெண்ணெய் விட்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்ப வேண்டும். நான்கைந்து நிமிடம் தொடாமல் விட்டுப் பிறகு திருப்பிப் போட வேண்டும். உருளைக்கிழங்கு, கேரட் என்றால் முதலில் சற்று மூடி வைத்து வேகவிடலாம். உப்பு நீரை இழுத்துவிடும் என்பதால் அதையும் மிளகுத் தூளையும் கடைசியில் தூவினால் போதும். மின்அடுப்பு வைத்திருப்போர் 200 டிகிரியில் ஏறத்தாழ அரை மணி நேரம் வைக்கலாம்.

பூண்டை மட்டும் தோலோடு போடுவேன். பச்சைப் பூண்டை நசுக்கும்போது அதிலுள்ள ஒரு நொதிதான் காரத்தையும் வாடையையும் உண்டாக்குகிறது. சூடு பட்டதும் அந்த நொதி செயலிழந்து, பல் வெண்ணெய்போல் இனிப்பாகிவிடுகிறது. வெங்காயமும் பூண்டும் உண்ண விரும்புவோர் சமைத்து அவற்றின் வாடையைப் போக்கிக்கொள்ளட்டும் என உமர் (ரலி) அவர்கள் ஜும்ஆ உரையில் சொன்னது முஸ்லிம் நூலில் உள்ளது. பள்ளிவாசலில் அருகில் நிற்பவருக்குத் தொந்தரவு கூடாது என்பதே அதன் கருத்து. வரிசையில் அருகில் நிற்பவரை இவ்வளவு எண்ணிப்பார்க்கச் சொல்லும் மார்க்கத்தில், வீட்டில் அருகில் இருப்பவளை நான் எண்ணிப்பார்க்காதிருந்தேன்.

முதல் நாள் பாதி கருகிவிட்டது. கதவைத் திறந்து உள்ளே வந்தவள், “என்னங்க, ஏதோ தீய்ந்த வாடை வருதே” என்றாள். சூடான சோறு, தயிர், கருகாத பாதிக் காய்கள். தரையில் அமர்ந்து பிஸ்மி சொல்லி இருவரும் ஒரே தட்டில் உண்டோம். “உப்பு கொஞ்சம் கூட” என்றாள். ஆனாலும் தட்டில் எதுவும் மிஞ்சவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது அவளுக்குப் பிற்பகல் ஷிப்ட் வரும் வாரங்களில், பதினொரு மணிப் பேருந்தின் ஒலி கேட்டதும் நான் அடுப்பை மூட்டுகிறேன். அவள் கைகால் முகம் கழுவி வருவதற்குள் காய் சிவந்துவிடுகிறது.