மருந்தில் சேராதது

"வேறே மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டால், நம்மில் பலர் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்கிறோம். பொய் சொல்லும் எண்ணம் துளியும் கிடையாது. காலையில் வெந்தயத் தண்ணீர், சாப்பாட்டுக்குப் பின் மீன் எண்ணெய் மாத்திரை, படுக்கப் போகுமுன் திரிபலாச் சூரணம் எல்லாம் உண்டு. ஆனால் அவை மருந்தா என்ன?

என் அக்காவும் அப்படித்தான் சொன்னாள். பக்கத்து நாற்காலியிலிருந்த நானும் தலையை ஆட்டினேன்.

அக்காவின் இருதயத்தில் உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். அதில் இரத்தம் உறையாமலிருக்க, ஆயுள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும். மருந்தின் வேகம் குறைந்தால் இரத்தம் கட்டும், மிஞ்சினால் கசியும். அதைப் பார்க்க ஐ.என்.ஆர். என்று ஒரு சோதனை உண்டு. சாதாரணமாக 1-ஐ ஒட்டியிருப்பது, அவளுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஐந்து வருஷமாக நின்றது.

ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது ஈறில் கசிந்த இரத்தம் மத்தியானம்வரை நிற்கவில்லை. முழங்கைப் பக்கம் நாவற்பழ நிறத்தில் கன்றியிருந்தது. சோதித்தால் 7-க்கு மேல்! அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

"வீட்டிலே கைவைத்தியம் ஏதாவது உண்டா, அம்மா?" என்று நர்ஸ் கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய முழங்கால் வலிக்கு மஞ்சள் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தவன் நான். டாக்டர் கேட்ட அன்று அவள் அதைத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. டப்பாவின்மேல் 'நூற்றுக்கு நூறு இயற்கை' என்று போட்டிருந்தது. மஞ்சள்தானே, குழம்பில் போடாததா என்று நினைத்தேன்.

குழம்பு வேறு, மாத்திரை வேறு. மஞ்சள் பொடியில் குர்க்குமின் என்ற சத்து நூற்றுக்கு 3 பங்குபோல இருக்கிறது. அந்த மாத்திரையில் 95 பங்கு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டிப் பொடிக்குச் சமானம். அக்கா தினம் இரண்டு சாப்பிட்டாள். போதாததற்கு, உடம்பில் நன்றாகச் சேரட்டும் என்று மிளகின் சத்தையும் அதில் கூட்டியிருந்தார்கள். வார்ஃபரின் சாப்பிடும் ஒருவர் மஞ்சள் மாத்திரையும் தொடங்கியதில் ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டியது என்று நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் எச்சரித்திருப்பதைப் பிறகுதான் படித்தேன்.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. 2017-18-இல் அமெரிக்காவில் எடுத்த கணக்கின்படி, 20 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல், முந்திய 30 நாளில் ஏதோ ஒரு சத்து மாத்திரையோ பொடியோ சாப்பிட்டிருந்தார்கள். அறுபது கடந்த பெண்களில் நூற்றுக்கு 80 பேர். டாக்டர் கொடுக்கும் மருந்துகள் மிகுதியாவதும் அந்த வயதில்தான். இரண்டும் ஒரே வயிற்றில் சந்திக்கின்றன. டாக்டருக்கு மட்டும் ஒன்றுதான் தெரிகிறது.

நாலாம் நாள் அக்கா வீடு திரும்பினாள். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, அதுதான் உறுத்தியது. புறப்படும்போது டாக்டரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சாம்பாருக்கு மஞ்சள் போடலாமா?" அவர் சிரித்துவிட்டு, "தாராளமாக" என்றார்.

இப்போது டாக்டரிடம் போகும்போதெல்லாம், அலமாரியில் உள்ள டப்பா, பொடி, லேகியம் அத்தனையையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போகிறோம். போன தடவை பையை நிரப்பிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்: "மேடையில் பேசப் போகுமுன் அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வாயே, தம்பி, உன் டாக்டருக்கு அது தெரியுமா?"

எனக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. அதிமதுரம் மிகுந்தால் அதை ஏற்றிவிடும். டாக்டரிடம் நான் சொன்னதில்லை. மருந்து என்று எனக்குத் தோன்றவே இல்லை.