திறந்திருந்த கதவு

ஏறக்குறைய மூன்று வருடங்களின் பின்னர், 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நாம் மீண்டும் வெண்கட்டியைக் கையில் எடுத்தோம். ஊரார் இருவகையாகப் பேசினர். 'அங்கே சரிவரவில்லைப் போலும்' என்றனர் சிலர். 'காசை உதறிவிட்டுப் பிள்ளைகளுக்காக வந்திருக்கிறார்' என்று புகழ்ந்தனர் வேறு சிலர். இரண்டும் உண்மையல்ல.

2022 ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டிற்று. எமது சம்பளம் மாத நடுவிலேயே தீர்ந்துபோயிற்று. யூன் மாதத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது: அரசாங்க ஊழியர் 5 வருடங்கள் வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாட்டில் உழைக்கலாம். அக்கதவினூடாக நாம் வெளியேறினோம். பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றுப் பட்டம் பெற்ற நாம், கட்டாரின் டோகா நகரில் ஒரு களஞ்சியத்திற் கணக்கெழுதுபவரானோம். வீட்டுக் கடன் தீர்ந்ததும் திரும்பினோம். நடந்தது அவ்வளவே.

'உழைப்பின் உயர்வு' என்னும் தலைப்பில் எத்தனை கட்டுரைகளை நாம் முன்னர் திருத்தியிருப்போம்! அவற்றில் எழுத்துப்பிழைகளை மட்டுமே கண்டோம். உழைப்பு என்னும் சொல்லின் பொருளை அக்களஞ்சிய வாசலிலேதான் கற்றோம். கட்டாரில் யூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 மணிவரை திறந்த வெளியில் வேலைவாங்குதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே கோடையிற் கட்டிடத் தொழிலாளர் இருள் விலகுமுன்னரே புறப்படுவர். நேபாளத்தவரும் வங்காளிகளும் தமிழரும் ஒரே பஸ்ஸில், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கியபடி செல்வர். எமக்கு ஊரில் ஒரு நாற்காலி காத்திருந்தது. அவர்களுக்கு எது காத்திருந்தது என்று நாம் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணவைத்தவன் ஒரு மாணவன். பத்தாந் தரத்தில் 'தந்தையின் ஒரு நாள்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தோம். அவன் எழுதாதிருந்தான். தந்தை மேசன், கட்டாரிலேயே வேலைசெய்கிறார். காரணம் வினவியபோது அவன் கேட்டான்: "சேர், நீங்கள் லீவிலதானே போனனீங்கள், வந்தவுடன வேலை கிடைச்சிட்டுது. அப்பாவுக்கும் உப்பிடி ஒரு லீவு இருக்கோ?"

வகுப்பு மௌனமாயிற்று. எம்மிடம் விடை இருக்கவில்லை.

அக்கேள்வி இன்னொன்றையும் நினைவூட்டிற்று. நாம் இல்லாத காலத்தில் எமது பாடங்களை இரு ஆசிரியைகள் தமது ஓய்வு வேளைகளைத் துறந்து கற்பித்தனர். அப்படியும் உயர்தர வகுப்பொன்று பல மாதங்கள் ஆசிரியரின்றி இருந்தது. எமக்குக் கதவு தானாகத் திறந்திருக்கவில்லை. பிறர் தோள்கொடுத்து அதைத் தாங்கி நின்றனர்.

ஆகவே எமது மீட்சி தோல்வியுமன்று, தியாகமுமன்று. வீட்டுக் கடன் தீர்ந்தது. இந்தக் கடன் தீரவில்லை. சிலருக்கு மட்டும் கதவு திறந்திருக்கும் நாட்டில், அதன் வழியே திரும்பியவர் வாய்மூடி இருத்தல் அறமாகாது. மேசனும் மீனவனும் தம் தொழிலுக்குத் திரும்பி மானத்துடன் வாழும் வழியைக் கேட்பதும் ஆசிரியனின் பணியே.

மறுவாரம் அம்மாணவன் தந்தையிடம் தொலைபேசியில் கேட்டறிந்து நான்கு பக்கங்கள் எழுதி வந்தான். பிழைகள் பல இருந்தன. இம்முறை முழுவதையும் வாசித்து முடித்த பின்னரே சிவப்புப் பேனாவை எடுத்தோம்.