ஹென்டர்சன் றோட்டும் முன் சில்லின் இரைச்சலும்

ஒக்லாந்து நகரின் மேற்குப் பக்கத்தில், வைட்டாக்கரே மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது ஹென்டர்சன். கௌரி மரம் அரிக்கும் ஆலை வைத்திருந்த தோமஸ் ஹென்டர்சன் என்பவரின் பெயரே ஊருக்கு நிலைத்துவிட்டது. 1880இல் ரயில் வந்தது. பின்னர் டல்மேஷியா நாட்டுக் கரையிலிருந்து வந்தவர்கள் கௌரிப் பிசின் தோண்டிச் சேர்த்த காசில் காணி வாங்கி, பழத்தோட்டமும் திராட்சைத் தோட்டமும் செய்தார்கள். லெபனானிலிருந்து 1892இல் வந்து, ஊர் ஊராகச் சாமான் விற்றுத் திரிந்த அசிட் ஆபிரகாம் கோர்பன், 1902இல் இங்கே திராட்சைத் தோட்டம் தொடங்கினார். அவருடைய பழைய வளவு இன்று கலை நிலையமாக இருக்கிறது. எங்களுக்கு முன்னரும் சொந்த மண்ணை விட்டு வந்தவர்கள் உழைத்து ஆளான ஊர் இது.

அவர்களுக்குக் குதிரையும் வண்டியும். எங்களுக்குப் பழைய கார். ஹென்டர்சனில் ரயில் நிலையம் உண்டு, பஸ்ஸும் உண்டு. ஆனால் விடிய முன்னம் தொடங்கும் வேலைக்கும், நடுச்சாமத்தில் முடியும் வேலைக்கும் அவற்றை நம்பி இருக்க முடியாது. லிங்கன் றோட்டால் போய் வடமேற்கு மோட்டர்வேயில் ஏறி, தே அட்டாட்டுவைத் தாண்டி, ரோஸ்பாங்க் றோட்டுத் தொழிற்சாலைப் பகுதிக்குப் போவதுதான் எங்களின் அன்றாடப் பயணம். நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே காரில்தான் வேலைக்குப் போகிறோம். அந்தக் கார் நின்றால் இரண்டு அடுப்பும் யோசிக்கும்.

எங்களுடையது 1996ஆம் ஆண்டு ரொயோட்டா கொறொல்லா. ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்தது. 1980களின் கடைசியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபின் ஜப்பானிய பழைய கார்கள் கப்பல் கப்பலாக நியூசிலாந்துக்கு வரத் தொடங்கின. 1998இல் கார்களுக்கான இறக்குமதித் தீர்வையும் எடுபட்டது. இந்நாட்டில் கார் பொருத்திய தொழிற்சாலைகளும் அந்த ஆண்டோடு மூடப்பட்டன. ஜப்பானிலும் ஸ்ரியரிங் வலது பக்கம், இங்கும் வலது பக்கம், இலங்கையிலும் அப்படியே. ஆகையால் புதிதாக வரும் எம்மவர் கைக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் இப்படியொரு கார்தான்.

இந்தக் காரின் முன்பக்கத்தில் ஒரு இரைச்சல் தொடங்கியது. மெல்ல ஓடும்போது ஒன்றுமில்லை. மோட்டர்வேயில் வேகம் கூடக் கூட, தூரத்தில் ஆகாய விமானம் பறப்பதுபோல ஒரு ஊளை. "ரேடியோவைக் கூட்டிவிடு, கேளாது" என்று பகிடி விட்டார்கள். பின்சீற்றில் இரண்டு பிள்ளைகள் இருந்து போகிற காரில் அந்தப் பகிடி சரிவராது. சில்லுப் பெயரிங் தேய்ந்து முற்றினால் சில்லு ஆடும், சூடேறும், கடைசியில் இறுகிப் பிடிக்கும் அல்லது கழன்று போகும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று எங்கள் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இரைச்சல் ரயரா பெயரிங்கா என்று அறிய ஹென்டர்சன் றோட்டுகளே போதும். சில றோட்டுகளில் பருக்கைக் கல் பதித்த தார், சிலவற்றில் வழுவழுப்பான தார். ரயரின் சத்தம் றோட்டுக்கு றோட்டு மாறும். பெயரிங்கின் சத்தம் றோட்டை மதிக்காது, வேகத்தை மட்டுமே மதிக்கும். அடுத்தது சுற்றுவட்டம். இங்கே சுற்றுவட்டத்தில் வலது பக்கமாக வளைந்து போவோம். அப்போது காரின் பாரம் இடது சில்லுகளில் சாயும். அந்நேரம் ஊளை கூடினால் இடது பெயரிங்கில் சந்தேகம். குறைந்து, இடது பக்கம் திரும்பும்போது கூடினால் வலது பெயரிங்கில் சந்தேகம். எங்களுக்கு வலது பக்கம் திரும்பும்போது கூடியது.

பிறகு ஜக் வைத்துச் சில்லைத் தூக்கினோம். சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'டொக் டொக்' என்று ஒரு இளக்கம். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க மற்றவர் ஆட்டிப் பார்த்தோம், இளக்கம் நின்றுவிட்டது. அப்படி நின்றால் குற்றம் பெயரிங்கில்; நில்லாமல் ஆடினால் போல் ஜொயின்ற் போன்ற வேறு இடத்தில். சுருள் ஸ்பிறிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மற்றக் கையால் சில்லைச் சுழற்றியபோது, அரிசிக் கல் அரைபடுவது போன்ற அதிர்வு விரலுக்குத் தெரிந்தது.

ஊரில் எங்கள் தகப்பன்மார் ஓஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களோடு சீவித்தவர்கள். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கார்களின் முன் சில்லுக் குடத்துக்குள் உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக இரண்டு பெயரிங். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் அடைத்து, மறுபடி பூட்டலாம். எங்கள் கொறொல்லாவின் முன் பெயரிங் அப்படியல்ல. இரண்டு வரிசைக் குண்டுகளும் கிறீசும் அடைத்து மூடி வருகிற ஒரே துண்டு. அதைக் கழுவவும் முடியாது, இறுக்கவும் முடியாது. தேய்ந்தால் புதியது போடுவது ஒன்றே வழி. கோயோ, என்.எஸ்.கே., என்.டி.என். என்ற ஜப்பானியப் பெயர்களில் ஒன்றைக் கேட்டு வாங்கினோம்.

சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினோம். சில்லு நிலத்தில் இருக்கும்போதே, பிளவு ஆணியைப் பிடுங்கி, 30 மில்லிமீற்றர் சொக்கெற்றும் நீளக் கம்பியும் போட்டு நடு நட்டை இளக்கினோம். பின் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்ராண்டில் இருத்தினோம். ஹென்டர்சன் மண் களிமண். மழைக்குப் பிறகு ஜக் புதையும். ஆகவே கொங்கிறீற் தரையில் மட்டும் செய்யுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலை வைக்காதீர்கள்.

சில்லைக் கழற்றி, பிரேக் கலிப்பரைக் கழற்றி, அதைக் கம்பியால் ஸ்பிறிங்கில் கட்டித் தொங்கவிட்டோம். பிரேக் குழாயில் பாரம் விழக்கூடாது. தட்டை எடுத்தபின் ஸ்ரியரிங் கம்பியின் மூட்டு, கீழ் போல் ஜொயின்ற், மேலே இரண்டு பெரிய போல்ட் என்ற வரிசையில் கழற்ற, குடத்தோடு நக்கிள் என்ற இரும்புத் துண்டு கைக்கு வந்தது. மேல் போல்ட் இருந்த இடத்தைக் கழற்ற முன்னம் சோக்கால் அடையாளம் போட்டிருந்தோம்.

இதுவரை வீட்டு வளவில் செய்யலாம். இதற்கு மேல் சுத்தியல் வேலை வேண்டாம். அருகிலுள்ள ஒரு பட்டறையில் நீரழுத்த இயந்திரத்தால் குடத்தையும் பழைய பெயரிங்கையும் தள்ளி எடுத்தார்கள். உள்வளையம் குடத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அதையும் இழுத்தெடுத்தார்கள். புதியதைப் போடும் விதிதான் இந்த வேலையின் உயிர். நக்கிளுக்குள் தள்ளும்போது வெளிவளையத்தில் மட்டுமே அழுத்த வேண்டும். குடத்தைத் தள்ளும்போது உள்வளையத்தைக் கீழே தாங்க வேண்டும். அழுத்தம் குண்டுகளின் ஊடாகப் போனால் புதுப் பெயரிங் அங்கேயே காயப்பட்டு, சில மாதத்தில் மீண்டும் ஊளையிடும். இந்தப் பங்கிற்குக் கொடுத்த காசு, முழு வேலைக்கும் கராஜில் கேட்ட காசில் சிறு பங்குதான்.

பின்னேரம் எல்லாவற்றையும் எதிர்வரிசையில் பூட்டினோம். புதுப் பிளவு ஆணிகள் போட்டோம். ஒருவர் பிரேக்கை அழுத்த, நடு நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு ரோர்க் ரென்சால் இறுக்கினோம். அப்படி இறுக்க முன்னம் காரைச் சில்லில் நிறுத்தவோ உருட்டவோ கூடாது. சில்லு நட்டுகளுக்கு எங்கள் காரில் 103 நியூட்டன் மீற்றர். ஹென்டர்சன் வலி றோட்டால் மலையடிவாரம் வரை ஓடித் திரும்பினோம். பழத்தோட்டம் இருந்த சரிவுகளும், ஓப்பானுக்கு ஓடைக் கரையும், வளைவுகளும் கடந்து போயின. காருக்குள் பிள்ளைகளின் சண்டை மட்டும் கேட்டது. அடுத்த கிழமை சில்லு நேர் பார்ப்பித்தோம்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு இரண்டு சொல். இங்கே எல்லோரும் 'வோரண்ட்' என்று சொல்லும் தகுதிச் சான்றிதழ், சோதித்த அன்று கார் சரியாக இருந்தது என்பதற்கே சாட்சி. மற்ற நாட்களுக்குப் பொறுப்பு ஓட்டுபவருடையது. சோதனையில் சில்லுப் பெயரிங்கும் பார்க்கப்படும். தவறினால் பயப்பட வேண்டாம். திருத்தி 28 நாட்களுக்குள் அதே இடத்துக்குக் கொண்டுபோனால் மறுசோதனைக்குக் காசு இல்லை.

வியாபாரியிடம் கார் வாங்கினால் 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் உங்களுக்குப் பின்னால் நிற்கும்; தனி ஆளிடம் வாங்கினால் அந்தச் சட்டம் வராது. எவரிடம் வாங்கினாலும், காசு கொடுக்க முன்னம் ரேடியோவை நிறுத்திவிட்டு, மோட்டர்வேயில் ஒருதரம், சுற்றுவட்டத்தில் ஒருதரம் ஓட்டிக் கேளுங்கள். ஆங்கிலம் ஓடாவிட்டாலும் பரவாயில்லை. சில்லு பேசும் மொழி ஊரிலும் இங்கும் ஒன்றுதான்.