சிப்பாய் சங்கமும் ஒரு சாவியும்

மல்லாட்டைக்கு இரண்டாம் களை வெட்டி முடித்தாயிற்று. மூணு நாளாக மழையும் இல்லை, வேலையும் இல்லை. ரொம்ப நாளாக எழுதணும் என்று தள்ளிப்போட்டதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள், ராணுவப்பேட்டை என்றே அதற்குப் பேர். எங்கள் ஊர் அவ்வளவு இல்லை. ஆனாலும் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நாலு வீட்டுச் சுவரிலாவது யூனிஃபார்ம் போட்டோ தொங்கும். எங்கப்பா 71 சண்டைக்குப் போனவர். நான் 1988இல் ஆளெடுப்புக்குப் போய், மார்பு அளவு அரை அங்குலம் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டவன். "கழனியைப் பார்த்துக்கடா" என்றுவிட்டார் அப்பா. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஊரில் முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்று இருக்கிறது. ஒரு ஓட்டுக் கட்டடம், கொடிக்கம்பம், இரண்டு பெஞ்சு. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மினிட்ஸ் புத்தகமும் கணக்கும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஓட்டு கிடையாது, டீ உண்டு.

சங்கம் என்றதும் உட்கார்ந்து பழங்கதை பேசுகிற இடம் என்று நினைப்பீர்கள். பாதி அதுதான். கேன்டீனில் ரம் விலை ஏறியதையே ஒரு மணி நேரம் பேசுவார்கள். மீதிப் பாதிதான் முக்கியம். நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். நவம்பர் கூட்டத்தில் ஒவ்வொரு பேராக வாசிப்பார்கள். யார் கொடுத்தாச்சு, யார் கொடுக்கலை, எந்த விதவைக்கு நடக்க முடியலை என்று பார்த்து ஆட்டோ வைத்துக் கூட்டிப்போவார்கள். டிசம்பர் 7 கொடிநாளுக்கு முன்னால் இது முடிந்துவிடும். யாரும் எழுதிவைக்காத சட்டம் இது.

நாலைந்து வருடமாகக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை. பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். சிப்பாயாகச் சேர்ந்தவன் பதினஞ்சு, பதினேழு வருஷம் முடித்து வரும்போது முப்பத்தஞ்சு வயசுதான் இருக்கும். பிள்ளைகள் படிக்கும், வீட்டுக்கடன் இருக்கும். டெக்ஸ்கோ மூலமாகவோ வேறு வழியாகவோ சென்னையிலும் பெங்களூரிலும் காவல் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு வா என்றால் எப்படி வருவான்?

எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்னம்மா இருக்கிறார். அப்பாவோடு ஒரே பட்டாலியனில் இருந்தவரின் மனைவி. போன வருடம் அக்டோபரில் கிணற்றடியில் வழுக்கி இடுப்பில் அடிபட்டு, ஓசூரில் மகள் வீட்டில் கிடந்தார். சான்று கொடுக்கவில்லை. குடும்பப் பென்ஷன் நின்றுவிட்டது. விதி அப்படி, யாரையும் குறை சொல்ல முடியாது. பிப்ரவரியில் ஊருக்குத் திரும்பியவர் நேரே சங்கத்துக்குப் போயிருக்கிறார். பூட்டியிருந்தது. மறுநாளும் போயிருக்கிறார். மருந்துக்குக் கம்மலை அடகு வைத்த பிறகுதான் என் வீட்டுக்கு வந்தார்.

அவர் போனதும் மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினேன். "கோரம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது." அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை ஐந்து தடவை, என் அழகான கையெழுத்தில். நவம்பர் பட்டியலை நானாவது கையிலெடுத்து நாலு வீடு ஏறி இறங்கியிருக்கலாம். எனக்கு ஓட்டு இல்லையே என்று இருந்துவிட்டேன்.

சேவை மையத்துக்குக் கூட்டிப்போனேன். கீரை பறித்து, மல்லாட்டை உடைத்துத் தேய்ந்த விரல். கைரேகை மெஷின் மூணு தடவையும் எடுக்கவில்லை. அந்தச் சமயம் சென்னையில் வங்கிக் காவலாளியாக இருக்கிற ஒரு நாயக் தம்பி லீவில் வந்திருந்தான். போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்க சின்னம்மா" என்றான். கிண்டல் பண்ணுகிறான் என்று அவர் முறைத்தார். பிறகு சிமிட்டினார். அவ்வளவுதான், சான்று போய்விட்டது. நிலுவையும் சேர்ந்து பணம் வந்தது. கம்மலை மீட்டாயிற்று.

"நீ ஏண்டா கூட்டத்துக்கு வர்றதில்லே?" என்று கேட்டேன். "போன்ல கூட்டம் போடுங்க அண்ணே, ட்யூட்டியிலேர்ந்தே பேசறேன்" என்றான். தலைவர் சுபேதார் மாமாவிடம் சொன்னேன். "போன்ல சல்யூட் அடிப்பானா?" என்றார். அவருக்கு எண்பது வயது. கொடிக்கயிற்றை இன்னமும் தானே இழுப்பார்.

இரண்டு மாதம் இழுத்தடித்து வாட்ஸ்அப் குழு வந்தது. முதல் மாதம் முழுக்க காலை வணக்கப் பூப்படம்தான். இது தேறாது என்றே நினைத்தேன். பிறகு நாயக் தம்பிதான் ஒரு ஏற்பாடு சொன்னான். வெளியூரில் இருக்கிற ஒவ்வொருவனும் ஊரில் இருக்கிற ஐந்து பெரியவர்களின் பேரை எடுத்துக்கொள்வது, மாதம் ஒரு தடவை போன் செய்வது, எடுக்கவில்லை என்றால் என்னிடம் சொல்வது. நான் போய்ப் பார்ப்பேன். பட்டாளத்தில் எண்ணிக்கை எடுப்பார்களே, அதேதான். சல்யூட் பற்றிக் கேட்ட மாமாவுக்கு இது உடனே பிடித்துவிட்டது.

இப்போது துணைவிதியைத் திருத்துகிற பேச்சு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிந்த சங்கம், நினைத்தபடி மாற்ற முடியாது. தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். விதவைகளுக்கு ஓட்டு என்பதற்குப் பெரிதாக எதிர்ப்பு இல்லை. அக்னிவீர் விஷயத்தில்தான் சத்தம். நாலு வருஷம் முடிந்ததும் நாலில் ஒரு பங்கு வரைதான் படையில் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சேவா நிதி 11.71 லட்சத்தோடு திரும்பி வருவார்கள். பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. எங்கள் விதியில் "பென்ஷன் புத்தகம் உள்ளவர்" என்றிருக்கிறது. ஊரிலிருந்து இரண்டு பையன்கள் போயிருக்கிறார்கள். அவர்களைச் சேர்ப்பதா?

"நாலு வருஷம் ஒரு சர்வீஸா?" என்றார் ஒரு ஹவில்தார். சுபேதார் மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "71ல என் பக்கத்துல விழுந்தவன் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகலை" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. ஆனால் முடிவும் ஆகவில்லை. எனக்குக் கேட்டால், சேர்க்கணும். இருபத்திரண்டு வயதில் வேலை தேடிக்கொண்டு வருகிறவனுக்குத்தான் சங்கம் அதிகம் தேவை. என்னை யாரும் கேட்கவில்லை.

வருகிற ஞாயிறு சாயந்திரம் பொதுக்குழு. நேரில் வராதவர்கள் போனில் பேசலாம். விதவைகள் ஓட்டுத் தீர்மானம் முதலில் வருகிறது. சின்னம்மாவிடம், ஓட்டு வந்தால் என்ன கேட்பீங்க என்றேன்.

"முதல்ல அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி என்கிட்ட குடுக்கச் சொல்லுடா" என்றார்.