சாவு வீட்டு மேளம் மேடையேறியபோது

எங்கள் குன்னத்தூர்ப் பக்கத்தில் பறையொலி கேட்டால், "யார் வீட்டில்?" என்றுதான் முதலில் விசாரிப்போம். அடிப்பவர் பந்தலுக்கு வெளியே வெயிலில் நிற்பார். உறவினருக்குப் போட்ட நாற்காலி அவருக்குக் கிடையாது. தாளம் மட்டும் பிசகக்கூடாது என்பதில் ஊரார் கண்டிப்பானவர்கள்.

ஆகவேதான் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் வரலாறு எங்களுக்கு வெறும் பொழுதுபோக்குச் செய்தியாகப் படவில்லை. 2017-இல் சென்னையில், திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து இதை உருவாக்கினர். சாதியற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையே பெயருக்கு மூலம். கானா பாடுவோர், ராப் பாடுவோர், கிட்டார் வாசிப்போர் என 19 பேர். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்த முதல் நிகழ்ச்சியில், கிட்டாரோடு பறையும் சட்டியும் கட்டமோளமும் ஒரே வரிசையில் நின்றன.

இது ஒட்டுவேலை அன்று. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களிடம் பிறந்தது புளூஸ். தாளத்தை முன்னிறுத்திய ஃபங்க் அதன் வழிவந்தது. ராப் இன்னும் இளையது. வடசென்னையில் இறந்தவர் அருகே இரவெல்லாம் பாடப்படும் கானா இவற்றுக்கு அந்நியமா என்ன? (பருத்தியை நம்பி வாழும் பனியன் ஊர்க்காரர்களுக்கு இந்த உறவு எளிதில் விளங்கும்.)

பாடல்கள் இடஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் ஆணவக் கொலையையும் பேசின. அதற்கு இரண்டாண்டுக்குள்தான், 2016 மார்ச் 13 அன்று, எங்கள் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில், சாதி மறுத்து மணந்த சங்கர் என்னும் பொறியியல் மாணவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வாரம் எங்கள் தேநீர்க் கடைகளில் அதைத் தவிர எல்லாம் பேசப்பட்டது.

பின்னர் குழுவினரின் தனிப்பெயர்களும் வெளியே தெரிந்தன. ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடிய இசைவாணியை, 2020-இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு எழுதி, தீயுடன் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021-இல் உலகெங்கும் ஒலித்தது. குழு பெயரைவிடப் பாடுவோர் பெயர் பெரிதாவது பலவீனம் எனச் சிலர் கருதலாம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பறையடிப்பவரின் பெயரையே யாரும் கேட்டறியாத ஊரில், கலைஞரின் பெயர் விளங்குவது சிறிய காரியமா?

இரவு ஷிப்டில் பனியன் கம்பெனிப் பிள்ளைகள் இப்பாடல்களைக் கைப்பேசியில் கேட்கிறார்கள். அவர்களுள் ஒருவர் தம் திருமணத்துக்குப் பறை வைக்க வேண்டும் என்கிறார். வீட்டார் இன்னும் பதில் சொல்லவில்லை.