தேவந்திக்கும் ஒரு வீடு

சிறுகதைப் பட்டறைக்கு வருகிற கதைகளில் தோழிக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். கதாநாயகி அழும்போது பக்கத்தில் இருப்பாள், "என்னடி ஆச்சு?" என்று கேட்பாள், காபி போட்டுக் கொடுப்பாள், போய்விடுவாள். அவள் எந்த ஊர், யாரோடு இருக்கிறாள், அன்று மத்தியானம் சாப்பிட்டாளா என்று எழுதியவரைக் கேட்டால் விழிப்பார். கதாநாயகி மனதில் இருப்பதைக் கொட்ட ஒரு காது தேவைப்பட்டிருக்கிறது. அந்தக் காதுக்குப் புடவை கட்டி அனுப்பிவிட்டார், அவ்வளவுதான்.

நம் மரபும் இதற்குக் கொஞ்சம் பழக்கிவிட்டிருக்கிறது. அகப்பாடல்களில் தோழி இல்லாமல் எதுவும் நகராது. அவள் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் உறவே வகுத்து வைத்திருக்கிறது. தலைவனை இரவில் வரச் சொல்வாள், வராதே என்பாள், சீக்கிரம் மணம் முடி என்று நெருக்குவாள். குறிஞ்சிப்பாட்டில் செவிலியிடம் தலைவியின் காதலை எவ்வளவு பக்குவமாக எடுத்துச் சொல்கிறாள்! இத்தனை சாமர்த்தியம் உள்ளவள் எவனையாவது நினைத்துத் தூக்கம் கெட்டாளா? அதற்குத் திணையும் இல்லை, துறையும் இல்லை. பழைய கவிஞர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் நடத்திய நாடகத்துக்கு அவள் அப்படித்தான் வேண்டியிருந்தாள். ஆனால் சிறுகதை எழுத உட்கார்ந்தபிறகும் நாம் அவளை வாடகைக்கு எடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

இளங்கோ அப்படி விடவில்லை. சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதையைப் புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் கட்டாயம் படிக்கச் சொல்வது கனவுக்காக அல்ல, தேவந்திக்காக. கண்ணகியிடம் அவளைப் பேசவிடுவதற்கு முன்பே அவள் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறார் ஆசிரியர். அவள் கணவன் பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வம். மனித உருவில் எட்டு ஆண்டு அவளோடு குடும்பம் நடத்தியவன், ஒருநாள் தன் மூவாத இளமையைக் காட்டி, என் கோட்டத்துக்கு வா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். தீர்த்தமாடப் போன கணவனை மீட்டுத் தரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன் என்பது ஊருக்கு அவள் சொல்லும் சாக்கு. அந்தச் சாக்கில் நாள்தோறும் அவன் கோயிலுக்கே போய் வருகிறாள்.

ஆக, பேசிக்கொண்டிருக்கிற இரண்டு பேருமே கணவன் விட்டுப்போன பெண்கள். ஒருத்தியின் கணவன் மாதவி வீட்டுக்குப் போனவன், இன்னொருத்தியின் கணவன் கோயிலில் சிலையாக இருப்பவன். இது தெரிந்தபிறகு தேவந்தி சொல்லும் யோசனை வேறு மாதிரி கேட்கிறது. காவிரி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு பொய்கை இருக்கிறது, மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு சேர்ந்து வாழலாம், நாமும் ஒருநாள் போவோம் என்கிறாள். அவள் போய் மூழ்கினாளா, பலித்ததா என்று கண்ணகி கேட்கவில்லை. அது நமக்குப் பெருமையில்லை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறாள். அடுத்த கணமே ஒரு சிறு பணிப்பெண் ஓடிவந்து, கோவலன் வாசலில் நிற்பதாகச் சொல்கிறாள். பேச்சு அதோடு நின்றுபோகிறது.

தோழி மறுத்ததைத் தேவந்தி எப்படி எடுத்துக்கொண்டாள்? கோவலன் உள்ளே வந்ததும் எழுந்து போனாளா? தன் வீட்டு வாசலில் அப்படி ஒருவன் வந்து நிற்கப்போவதில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்திருக்காதா? ஆண் வந்ததும் பெண்கள் பேச்சை நிறுத்துவதும் ஒருத்தி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நகர்வதும் எந்த வீட்டிலும் நடப்பது. எனக்கு எழுதத் தோன்றுவது பின்கட்டுக்குப் போனவளைப் பற்றி. இளங்கோவும் அவளை மறந்துவிடவில்லை. வஞ்சிக் காண்டத்தில் கண்ணகியின் செவிலித்தாயோடும் அடித்தோழியோடும் அவள் வஞ்சிக்கு வந்து சேர்கிறாள். கண்ணகி கோயிலின் பூசைப் பொறுப்பைச் செங்குட்டுவன் அவளிடம்தான் கொடுக்கிறான். பொய்கையில் மூழ்கிக் கோயிலுக்குப் போகலாம் என்று கூப்பிட்டவள், வரமாட்டேன் என்றவளுக்கே பூசை செய்கிறாள். இந்த நட்பைப் பற்றி இதற்கு மேல் ஒரு நாவலாசிரியர் என்ன எழுதிவிட முடியும்?

பெண்களின் நட்பை எழுதுவதில் தொழில்ரீதியாக ஒரு சங்கடம் இருக்கிறது. அதற்குச் சடங்கு கிடையாது. தாலி இல்லை, சீர் இல்லை, பத்திரிகையில் பெயர் போடுவதில்லை, சொத்தில் பங்கில்லை. முறிந்தால் பஞ்சாயத்தும் இல்லை. கல்யாணத்தை எழுதுகிறவருக்கு மேளச் சத்தமாவது துணைக்கு வரும். நட்பை எழுதுகிறவர் பொருள்களைத்தான் தேடிப் போகவேண்டியிருக்கிறது. யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள், யாருக்குத் தெரியாமல் கொடுத்தார்கள்?

என் கதை ஒன்றில் மல்லிகாவின் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும். அவள் தனத்தின் வீட்டுக்கு வருகிறாள். கேட்க வந்தவள் கேட்கமாட்டாள். சிலிண்டர் விலையைப் பேசுவாள், மழையைப் பேசுவாள், எழுந்திருப்பாள், மறுபடி உட்காருவாள். தனம்தான் கேட்கவேண்டும்: "எத்தனை பவுன் இருந்தா தேறும்?" பிறகு குளியலறைக்குப் போய்ச் சோப்பு நுரையைத் தடவி வளையலைக் கழற்றுவாள். கல்யாணத்தின்போது போட்டது, கை பருத்துவிட்டது, கட்டைவிரல் மூட்டில் மாட்டிக்கொள்ளும். மணிக்கட்டில் வெயில் படாத ஒரு வெள்ளை வளையம் தெரியும். அதை மறைக்க அதே டிசைனில் கவரிங் வாங்கவேண்டும்.

"அத்தை கேட்டா என்ன சொல்லுவே?"

"பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்னு சொல்லிக்கிறேன். நீ மொதல்ல பேங்க் மூடறதுக்குள்ள போ."

இந்த இடத்தில் மல்லிகாவை அழவைத்து, "கூடப் பிறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா" என்று ஒரு வசனம் போட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். பட்டறையில் அந்த வரியை யார் எழுதி வந்தாலும் அடிக்கச் சொல்கிறேன். கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அடுத்த மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் தனத்தின் கவரிங் வளையலை ஒருத்தி உற்றுப் பார்ப்பாள். அதே வீட்டுக்கு மல்லிகா புதுப்புடவையில் வருவாள். அது அவள் அண்ணன் எடுத்துக் கொடுத்ததாகவே இருக்கட்டும், தனத்துக்கு அது தெரியாது. அவள் மனதில் ஒரு கணக்கு ஓடும், அந்தக் கணக்கு ஓடுவதை நினைத்து அவளே கூசுவாள். கொடுத்தவள் கூசுவதையும் வாங்கியவள் தெருமுனையில் ஒதுங்கிப் போவதையும் எழுதினால்தான் அவர்கள் சிநேகிதிகள் என்பதை நான் நம்புவேன்.

செனகல் நாட்டு மரியாமா பா 1979இல் வெளியிட்ட 'ஸோ லாங் எ லெட்டர்' நாவல் முழுக்க ஒரு கடிதம். கணவன் இறந்து துக்கம் காக்கும் ரமத்துலாயி, தன் பால்ய சிநேகிதி ஐசத்துவுக்கு எழுதுவது. இருவர் கணவர்களும் இரண்டாம் தாரம் கட்டியவர்கள். ஐசத்து விட்டுவிட்டுப் போனாள், ரமத்துலாயி இருந்துவிட்டாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் இவள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு ஐசத்து ஒரு ஃபியட் 125 கார் வாங்கித் தருகிறாள். ஏன் நீயும் விட்டு வரவில்லை என்ற கேள்வியை அந்தக் கார் ஒருநாளும் கேட்பதில்லை. தன் முடிவுதான் சரி என்று தோழியிடம் நிரூபிக்காமல் அவளுக்கு வண்டி வாங்கிக் கொடுக்க முடியும் என்பதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

இரண்டு பெண்கள் ஆணைப் பற்றி அல்லாமல் ஏதாவது பேசிக்கொள்கிறார்களா என்று சினிமாவை அளக்கும் ஒரு சோதனை உண்டு. அலிசன் பெக்டெல் 1985இல் ஒரு சித்திரக்கதையில் வேடிக்கையாகச் சொன்னது. மரியாமா பாவின் நாவலில் பக்கத்துக்குப் பக்கம் கணவர்கள்தான், தேவந்தியும் கண்ணகியும் பேசியதும் கணவர்களைத்தான். அந்த அளவுகோலை நான் அதிகம் நம்புவதில்லை. எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதைவிட, பேச்சு முடிந்ததும் இரண்டு பேருக்கும் திரும்பிப் போக ஆளுக்கொரு வீடு இருக்கிறதா என்பதே எனக்கு முக்கியம்.

பொறாமை விஷயத்துக்கு வருகிறேன். எலெனா ஃபெராண்டேயின் நேப்பிள்ஸ் நாவல் வரிசையில், 2011 முதல் 2014 வரை வந்த நான்கு பாகங்களில், சிநேகிதி லீலா பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த நோட்டுப் புத்தகங்களைக் கதை சொல்லும் எலெனா படிக்கிறாள், பல பகுதிகளை மனப்பாடமே செய்கிறாள், பிறகு பீசா நகரத்துப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளிவிடுகிறாள். இது துரோகம்தானே? ஆனால் அந்த எழுத்து எவ்வளவு நல்லது என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு லீலா பள்ளிப்படிப்பை நிறுத்திய செருப்புத் தைப்பவர் மகள். பொறாமைப்படுவதற்குக்கூட ஒருத்தியை அந்த அளவு கூர்ந்து படித்திருக்கவேண்டும். நம் வாசகிகளில் பலர் தங்கள் சிநேகிதியின் மகளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்த அன்று வயிற்றில் ஏதோ பிசைந்ததைக் கணவரிடம்கூடச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஒரு நாவலில் அதைப் படித்தால், சந்தோஷப்பட்டது பொய்யோ என்று தன்னையே சந்தேகப்படுவதை விட்டுவிடலாம். இரண்டும் உண்மைதான், ஒரே நாளில்தான்.

டோனி மாரிஸனின் 'சூலா' (1973) இன்னும் கடுமையானது. நெல்லின் கணவனோடு அவளுடைய சிநேகிதி சூலாவே படுக்கிறாள், கணவன் ஊரைவிட்டே போகிறான். வருஷக்கணக்காக நெல் சுமந்த துக்கம், கணவனைத் தொலைத்ததற்கு அல்ல, சூலாவைத் தொலைத்ததற்கு என்று சூலா செத்து வெகுகாலம் கழித்து உறைக்கிறது. புருஷன் போனால் ஊர் கூடி அழும். சிநேகிதி போனால் அழுவதற்கு முறை கிடையாது என்பதால், எதற்கு அழுகிறோம் என்று நெல்லுக்கே தெரியவில்லை.

வளையல் கதை வெளியானபிறகு ஒரு கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. கணவனுக்குத் தெரியாமல் நகையைக் கொடுத்தது சரியா என்று ஒருவர் ஆரம்பித்துவைக்க, ஆண்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா வேறு கேட்டார்: "மல்லிகா அதை மீட்டுக் குடுத்தாளா?" நான் அதை எழுதவில்லை என்றேன். "சரி, மீட்கலைன்னே வெச்சுக்குவோம். தனம் அப்புறமும் அவ வீட்டுக்குப் போனாளா?" என்றார். அடுத்த கதைக்கு அதை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்குத் தனத்தின் அத்தைக்கு விஷயம் தெரிந்துபோய்விட்டது, பிறகு என்ன என்பது இன்னும் பிடிபடவில்லை.